படிக்கட்டு விளக்குகளைத் தளவாரியாகப் பிரித்த வேலை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பெரிய சாலையை ஒட்டிய பழைய கடைவீட்டு வரிசையில் எங்கள் வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தின் முன்பக்கம் மளிகைக் கடை, அதன் பின்னால் நீண்ட நடை, நடையின் முடிவில் படிக்கட்டு. முதல் மாடியில் அம்மாவும் தம்பி குடும்பமும், இரண்டாம் மாடியில் நானும் என் மனைவியும் பிள்ளைகளும். சாமி அறையும் இரண்டாம் மாடியில்தான். கீழ் நடைக்கு ஒன்று, ஒவ்வொரு மாடி நடைக்கும் ஒன்று என மூன்று டியூப் விளக்குகள் உண்டு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச், அதுவும் கீழே, படிக்கட்டின் அடியில். அதைப் போட்டால் மூன்றும் எரியும், அணைத்தால் மூன்றும் அணையும்.

அப்பா இந்த வீட்டை வாங்கியபோதே வயரிங் இப்படித்தான் இருந்தது. மேலே இருப்பவர் விளக்கை அணைக்க வேண்டுமானால் கீழே இறங்கி வந்து அணைத்துவிட்டு இருட்டில் ஏற வேண்டும் என்பதால், அந்தி சாய்ந்ததும் போட்ட விளக்கு மறுநாள் காலை கடை திறக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். 36 வாட் டியூப் ஒன்று, பழைய பேலஸ்ட் (சோக்) தின்னும் மின்சாரத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ 45 வாட் இழுக்கும். மூன்றும் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஓர் இரவுக்கு 1.6 யூனிட், மாதத்திற்கு 48 யூனிட்டுக்கு மேல். பணத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். தம்பி மகளின் அறைக் கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தின் வழியே அந்த வெளிச்சம் இரவு முழுவதும் அவள் முகத்தில் விழுந்தது. அவள் தூங்கட்டும் என்று ஒரு நாள் தம்பி கீழே போய் விளக்கை அணைத்துவிட, அது தெரியாமல் அதிகாலையில் சாமி அறைக்கு ஏறிய அம்மா ஒரு படியைத் தவறவிட்டு முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். அம்மா பிறந்த ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்), ஜெனரேட்டரை நிறுத்தும் நேரம் வந்ததும் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் விளக்கு அணைந்துவிடுமாம். இந்த வீட்டிலும் பிறர் கையில்தான் தன் விளக்கு இருக்கிறது என்று அன்று அவர் சொன்னது எனக்கு உறைத்தது. இந்த வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

நிலையான வயரிங்கில் கைவைப்பது நம் நாட்டில் விரும்பியவர் எல்லாம் செய்யக்கூடிய வேலை அன்று. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனின் பொறுப்பில்தான் அது நடக்க வேண்டும். பக்கத்திலுள்ள செம்பனை ஆலையில் பல ஆண்டுகள் சார்ஜ்மேனாக (மின் அமைப்பின் பொறுப்பாளராக) இருந்து ஓய்வுபெற்று, இப்போது வயரிங் வேலை எடுத்துச் செய்யும் ஓர் அண்ணனை அழைத்தேன். திட்டம் வரைவது, பழைய கட்டைகளைக் கழற்றுவது, குழாய் பொருத்துவது, வயர் இழுப்பது ஆகியவற்றில் நான் அவருக்குக் கையாளாக இருந்தேன். மின் இணைப்புகளையும் சோதனைகளையும் அவரே செய்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

வேலைக்கு முந்தைய வாரம் நான் வரைந்து வைத்திருந்த திட்டம் மிக எளியது. மூன்று விளக்குகளுக்கும் போகும் பொதுவான சுவிட்ச் வயரை வெட்டி, ஒவ்வொரு தளத்திலும் அந்தத் தளத்து விளக்குக்கு மட்டும் ஒரு சாதாரண சுவிட்ச் வைத்துவிட்டால் தளங்கள் பிரிந்துவிடும் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து அம்மாவுக்கு விளக்கியபோது, "அப்ப மேலே ஏறும்போது நான் எந்த லைட்டைப் போடுறது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏறுபவருக்கு வேண்டியது இரண்டாம் மாடி விளக்கு. அதன் சுவிட்சோ, என் திட்டப்படி, அவர் இருட்டில் ஏறி முடித்த பிறகுதான் கைக்கு எட்டும். இறங்குபவருக்கும் இதே நிலைமைதான். தளங்களைப் பிரிப்பது என்றால் விளக்குகளைப் பிரிப்பது மட்டுமே என்று எண்ணியதுதான் என் தவறு. நடப்பவர் எங்கே நிற்கிறார், அடுத்து எங்கே கால் வைக்கப் போகிறார் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்கியிருக்க வேண்டும்.

அன்று இரவே தாளைத் திருப்பிப் போட்டு மறுபடியும் வரைந்தேன். கீழ்த்தளத்தில் நிற்பவருக்குக் கீழ் விளக்கும் முதல் மாடி விளக்கும் வேண்டும். முதல் மாடியில் நிற்பவர் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம் என்பதால் அவருக்கு மூன்று விளக்குகளும் வேண்டும். இரண்டாம் மாடியில் நிற்பவருக்கு முதல் மாடி விளக்கும் இரண்டாம் மாடி விளக்கும் போதும். இதை விளக்கின் பக்கமிருந்து பார்த்தால், கீழ் விளக்குக்கு இரண்டு இடங்களிலும், இரண்டாம் மாடி விளக்குக்கு இரண்டு இடங்களிலும், நடுவிலிருக்கும் முதல் மாடி விளக்குக்கு மூன்று இடங்களிலும் சுவிட்ச் இருக்க வேண்டும். ஆகவே கீழே இரண்டு பொத்தான், நடுவில் மூன்று பொத்தான், மேலே இரண்டு பொத்தான். மொத்தம் ஏழு சுவிட்சுகள். அவற்றில் ஆறு இருவழிச் சுவிட்சுகள், ஒன்று இன்டர்மீடியட்.

இருவழிச் சுவிட்சைப் பலர் அறிந்திருப்பார்கள். சாதாரண சுவிட்சுக்கு இரண்டு முனைகள் என்றால் இதற்கு மூன்று: ஒரு பொது முனை, எல்1, எல்2. பொத்தானை எந்தப் பக்கம் அழுத்தினாலும் பொது முனை எல்1, எல்2 ஆகிய இரண்டில் ஒன்றோடு எப்போதும் இணைந்தே இருக்கும். ஒரு சுவிட்சின் பொது முனைக்கு லைவ் (மின்சாரம் வரும் வயர்) கொடுத்து, மற்றொன்றின் பொது முனையிலிருந்து விளக்குக்கு வயர் எடுத்து, இரண்டின் எல்1, எல்2 முனைகளை ஒரு ஜோடி வயர்களால் இணைத்தால், இரு சுவிட்சுகளும் ஒரே வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலைகளில் விளக்கு எரியும், வேறு வேறு வயரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அணையும். மூன்றாவது இடத்திலிருந்தும் கட்டுப்படுத்த வேண்டுமானால் அந்த ஜோடியின் நடுவில் இன்டர்மீடியட் சுவிட்ச் வர வேண்டும். அதற்கு நான்கு முனைகள் உண்டு. ஒரு நிலையில் உள்ளே வரும் இரண்டு வயர்களையும் நேராக வெளியே விடும், மறுநிலையில் அவற்றைக் குறுக்காக மாற்றி விடும். எங்கள் பட்டணத்து இரும்புக் கடைகளில் இருவழிச் சுவிட்சுகள் நிறையவே கிடைத்தன. இன்டர்மீடியட்டை மட்டும் ஈப்போவுக்குப் போய்த்தான் வாங்க முடிந்தது. மூன்று பொத்தான் தகட்டின் நடுவில் அதைப் பொருத்துவதற்கு ஏற்ற அதே நிறுவனத்து வகையாகப் பார்த்து, சிரிம் என்னும் மலேசியத் தரச்சான்று முத்திரை இருப்பதையும் உறுதிசெய்துகொண்டு வாங்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்ததும் என் வரைபடத்தைப் பார்த்தார், தலையசைத்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால், வீட்டின் மின்சாரம் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரியும் டிபி பெட்டியைத் திறந்தார். "தம்பி, அந்தக் காலத்து வீட்டுல மேலேயும் கீழேயும் ஓடுற லைட்டுக்கு நியூட்ரல் எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாக்கணும்" என்றார். விளக்கைத் தாண்டிய மின்னோட்டம் பெட்டிக்குத் திரும்பும் வயர்தான் நியூட்ரல். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, அடுத்து வருவதைப் படிப்பவர் மறக்கக் கூடாது என்பது என் விருப்பம்.

எங்கள் பெட்டியில் கீழ்த்தளத்து விளக்குகளுக்கு ஓர் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), மாடிகளின் விளக்குகளுக்கு வேறோர் எம்சிபி. நடை விளக்குகளின் சுவிட்சுக்கு லைவ் வந்தது கீழ்த்தளத்து எம்சிபியிலிருந்து. அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கி, கீழ்த்தள விளக்குச் சுற்றின் நியூட்ரல் வயரை மட்டும் நியூட்ரல் பட்டையிலிருந்து கழற்றி, அதன் நுனியை ஒரு கனெக்டருக்குள் மூடி வைத்துவிட்டு, மீண்டும் மின்சாரத்தை விட்டார். படிக்கட்டு சுவிட்சைப் போட்டதும் கீழ் விளக்கு எரியவில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முதல் மாடி விளக்கும் இரண்டாம் மாடி விளக்கும் எரிந்தன. கீழ்ச்சுற்றின் நியூட்ரலே கழற்றப்பட்டிருக்கும்போது அவை எரிகின்றன என்றால், அவற்றின் வழியே போகும் மின்னோட்டம் வேறொரு பாதையில் திரும்புகிறது என்று பொருள். அந்தப் பாதை, மாடி விளக்குச் சுற்றின் நியூட்ரல். வீட்டை வயரிங் செய்தவர் கீழிருந்து லைவை மட்டும் மேலே ஏற்றிவிட்டு, நியூட்ரலுக்குத் தனி வயர் இழுக்கும் செலவை மிச்சப்படுத்த, கூரைப்பக்கம் கைக்கு எட்டிய மாடி நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருக்கிறார். வயர்மேன்கள் இதை "கடன் நியூட்ரல்" என்கிறார்கள்.

விளக்கு எரிகிறதே, அதனால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒற்றைத் துருவ எம்சிபி லைவை மட்டுமே துண்டிக்கும். மாடியில் ஒருவர் மின்விசிறி மாற்ற வேண்டும் என்று மாடி எம்சிபியை இறக்கிவிட்டு, லைவ் செத்துவிட்டதைச் சோதித்துப் பார்த்து, நியூட்ரல் முடிச்சைப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கீழே யாராவது படிக்கட்டு விளக்கைப் போட்டிருந்தால், நடை விளக்கைத் தாண்டி வரும் மின்சாரம் அவர் பிரித்த நியூட்ரல் நுனியில் வந்து நிற்கும். எம்சிபியை இறக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு அந்தக் கறுப்பு வயரைத் தொடுபவரின் உடல்தான் அதற்கு அடுத்த பாதை. எங்கள் வீட்டில் வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பதால் இந்தக் குறை இத்தனை ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அதே ஆர்சிசிபி வழியாகவே போவதால் அது எந்த வேறுபாட்டையும் உணராது. தளத்துக்கு ஓர் ஆர்சிசிபி வைத்திருக்கும் வீடுகளில் இதே தவறு, விளக்கைப் போட்ட மறுநொடியே ஆர்சிசிபியைத் தட்டிவிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள கடைவீடுகளில் ஆபத்து இன்னும் பெரிது. கீழே கடைக்கு ஒரு ஃபேஸும் மேலே வீட்டுக்கு வேறொரு ஃபேஸும் போயிருந்தால், இரண்டு தளத்து வயர்களும் ஒரே சுவிட்சுப் பெட்டிக்குள் வந்து சேரும்போது அவற்றுக்கிடையே 230 வோல்ட் இருக்காது, 400 வோல்ட் இருக்கும். எங்கள் வீடு ஒற்றை ஃபேஸ் என்பதால் அந்தக் கவலை இல்லாமல் போனது.

ஆகவே பழைய சுற்றைத் திருத்துவதை விட்டுவிட்டு முழுவதையும் புதிதாகப் போடுவதென்று தீர்மானித்தோம். டிபி பெட்டியில் காலியாக இருந்த இடத்தில் 6 ஆம்பியர் எம்சிபி ஒன்றைப் பொருத்தி, படிக்கட்டு விளக்குகளுக்கென்றே தனிச் சுற்று உருவாக்கினார் அண்ணன். அதன் லைவ், நியூட்ரல், எர்த் மூன்றும் அதே பெட்டியிலிருந்து புறப்பட்டு, அதே குழாயில் ஏறி, அந்த மூன்று விளக்குகளை மட்டுமே சென்றடையும். கடையில் ஏதாவது கோளாறு வந்து கீழ்த்தள எம்சிபி விழுந்தாலும் படிக்கட்டு இருண்டுபோகாது என்பது கூடுதல் நன்மை. வயர் 1.5 சதுர மில்லிமீட்டர். மூன்று 18 வாட் எல்இடி விளக்குகளுக்கு இது தேவைக்கு மிக அதிகம் என்றாலும், விளக்குச் சுற்றுக்கு இங்கே வழக்கமான அளவு அதுதான்.

பழைய வயர்கள் மரக்கட்டைமேல் ஆணியடித்த அலுமினியக் கிளிப்புகளில் ஓடிக்கொண்டிருந்தன. கட்டையைப் பெயர்த்தபோது, டியூப் விளக்கின் பேலஸ்ட் சூட்டுக்குப் பக்கத்திலிருந்த வயர்களின் உறை வறண்டு, வளைத்ததும் பொரிந்து உதிர்ந்தது. பேலஸ்ட்டின்மேல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. 2008க்கு முன்பு நம் நாட்டின் அறிவிக்கப்பட்ட மின்னழுத்தம் அதுதான். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர் என்பதால் செங்கல்லை வெட்டிக் குழாயைப் புதைக்க நான் விரும்பவில்லை. படிக்கட்டின் மூலையை ஒட்டி 20 மில்லிமீட்டர் வெள்ளை பிவிசி குழாயைச் சேணங்களால் (குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளிப்புகளால்) பொருத்தினோம். வளைவுகளில் ஆயத்த முழங்கைகளைப் போடாமல், குழாய்க்குள் ஸ்பிரிங் விட்டுக் கையால் மெல்ல வளைத்ததால் வயர் இழுக்கும்போது எங்கும் சிக்கவில்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்த இந்த ஒரு பழக்கம் எனக்குக் குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தியது.

எந்த வயர் எங்கே போகிறது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கீழ் விளக்குக்கான லைவை முதல் மாடிச் சுவிட்சில் கொடுத்து, ஜோடி வயர்களைக் கீழே இறக்கி, கீழ்ச் சுவிட்சின் பொது முனையிலிருந்து கீழ் விளக்குக்கு எடுத்தோம். முதல் மாடி விளக்குக்கான லைவ் கீழ்ச் சுவிட்சில் தொடங்குகிறது. அதன் ஜோடி முதல் மாடியிலுள்ள இன்டர்மீடியட்டுக்குள் நுழைந்து வெளியேறி இரண்டாம் மாடிச் சுவிட்சுக்குப் போய், அங்குள்ள பொது முனையிலிருந்து ஒற்றை வயராக இறங்கி, சரியாக அந்தத் தரைக்கு அடியிலிருக்கும் முதல் மாடி விளக்கை அடைகிறது. இரண்டாம் மாடி விளக்குக்கு லைவ் முதல் மாடிப் பெட்டியில் கிடைக்கிறது, ஜோடி மேலே போகிறது, மேலுள்ள பொது முனையிலிருந்து விளக்கு. இப்படிச் செய்ததில் கீழிருந்து முதல் மாடிக்கு இரண்டு ஜோடிகள், ஒரு லைவ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த் என ஏழு வயர்கள் ஏறின. அதற்குமேல் லைவ் ஏற வேண்டியிருக்கவில்லை. முதல் மாடி விளக்குக்குத் திரும்பும் வயர் மட்டும் மேல்பகுதியில் கூடுதலாகச் சேர்ந்துகொண்டது.

வயர்களின் நிறத்தைப் பற்றி அண்ணன் கண்டிப்பானவர். ஜோடி வயர்கள் இரண்டில் ஒன்று எப்போதும் லைவாகவே இருக்கும். ஆகவே மீதம் கிடக்கிறது என்பதற்காகக் கறுப்பையோ பச்சையையோ அங்கே போடுவதை அவர் ஏற்க மாட்டார். நீலத்தையும் வேண்டாம் என்றார். நிலையான வயரிங்கில் பழைய வழக்கப்படி நீலம் ஒரு ஃபேஸின் நிறம், மின்சாதனங்களின் வயரிலோ நீலம் நியூட்ரல். நாளைக்கு வேறு யாராவது பெட்டியைத் திறந்தால் எதை நினைப்பார் என்று சொல்ல முடியாது. முதல் மாடி விளக்கின் ஜோடிக்கு மஞ்சள், மற்ற இரண்டு ஜோடிகளுக்கும் சிவப்பு என்று முடிவாயிற்று. அந்த இரண்டு சிவப்பு ஜோடிகளும் முதல் மாடிப் பெட்டியில் மட்டுமே சந்திக்கும். அங்கே எண் ஒட்டிய நாடாக்களால் அவற்றைப் பிரித்துக் காட்டினோம்.

முதல் நாள் மாலைக்குள் எல்லாம் இணைத்தாகிவிட்டது. மின்சாரம் விடுவதற்கு முன்னால் அண்ணன் விளக்குகளைக் கழற்றிவிட்டு வயர் உறைகளின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் இன்சுலேஷன் மீட்டரால் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பிறகு இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தார். ஒரு மெகா ஓம் குறைந்தபட்சம், எங்களுடையது அதைவிடப் பல மடங்கு மேலே நின்றது. எல்இடி விளக்குகளைக் கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்தால் அவற்றுக்குள் இருக்கும் டிரைவர் (மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றும் பகுதி) பழுதாகிவிடக்கூடும், அளவும் பொய்யாக வரும். சோதிக்கும்போது எல்லாச் சுவிட்சுகளையும் இரண்டு நிலைகளிலும் மாற்றி மாற்றி அளக்க வேண்டும் என்பதும் முக்கியம். இல்லையென்றால் ஜோடியில் ஒரு வயர் சோதனைக்கு வராமலே போய்விடும்.

மின்சாரம் விட்டதும் கீழ் விளக்கும் இரண்டாம் மாடி விளக்கும் சொன்னபடி கேட்டன. முதல் மாடி விளக்கு மட்டும் விநோதமாக நடந்துகொண்டது. நடுச் சுவிட்ச் மேல்நோக்கி இருந்தால் கீழிருந்தும் மேலிருந்தும் ஒழுங்காகப் போட்டு அணைக்க முடிந்தது. நடுச் சுவிட்சைக் கீழ்நோக்கித் தட்டிவிட்டால் மற்ற இரண்டையும் எப்படிப் போட்டாலும் விளக்கு எரியவே இல்லை. சுவிட்ச் பழுது என்று நினைத்து நான் மறுபடியும் ஈப்போ பயணத்துக்கு மனத்தளவில் தயாராகிவிட்டேன். அண்ணன் மெயினை இறக்கி, இன்டர்மீடியட்டைக் கழற்றி, மேசைமேல் வைத்து மீட்டரால் முனை முனையாகத் தொட்டுப் பார்த்தார். நான்கு முனைகளில் ஒரே பக்கத்திலிருந்த இரண்டையும் உள்ளே வரும் ஜோடிக்கு என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சுவிட்சின் உள்ளமைப்பில் எதிரெதிரே இருந்த இரண்டுதான் ஒரு ஜோடி. தவறாகக் கொடுத்ததில், ஒரு நிலையில் உள்ளே வரும் இரண்டு வயர்களும் தங்களுக்குள் சேர்ந்துகொண்டன, வெளியே போகும் இரண்டும் தங்களுக்குள் சேர்ந்துகொண்டன, இரு பக்கத்துக்கும் இடையே தொடர்பே இல்லாமல் போனது. எல்லாம் ஒரே லைவின் கிளைகள் என்பதால் ஷார்ட் ஆகவில்லை, விளக்குத்தான் எரியவில்லை. முனைகளின் அமைப்பு ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், சுவரில் மாட்டுவதற்கு முன்பே மீட்டரால் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு நிலையில் எவை இணைகின்றன, மறுநிலையில் எவை இணைகின்றன என்று எழுதினால், எந்த நிலையிலும் ஒன்றோடொன்று சேராத இரண்டு முனைகளே ஒரு ஜோடி என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு வயர்களை இடம் மாற்றியதும் விளக்கு மூன்று இடங்களிலிருந்தும் சரியாக வேலை செய்தது.

வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் இரவு தம்பி மகள் வந்து, "பெரியப்பா, லைட்டை அணைச்சாலும் அது தூங்க மாட்டேங்குது" என்றாள். போய்ப் பார்த்தால், அணைக்கப்பட்ட முதல் மாடி எல்இடி விளக்கு நிலவொளி அளவுக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. டிஜிட்டல் மீட்டரை வைத்தபோது விளக்கின் முனைகளில் எழுபது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இன்சுலேஷன் எங்கோ கசிகிறது என்று பயந்து, அந்த விளக்கைக் கழற்றிவிட்டு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு கொண்டுவந்து, அதே முனைகளில் இணைத்து மீட்டரைப் பார்க்கச் சொன்னார். வோல்ட் பூஜ்யத்துக்கு விழுந்தது. பெரிய கசிவு இருந்தால் அப்படி விழுந்திருக்காது.

காரணம் ஜோடி வயர்களிலேயே இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போது ஜோடியில் ஒரு வயர் லைவாகவும், விளக்கோடு சேர்ந்திருக்கும் மற்றது வெறுமனேயும் இருக்கும். இரண்டும் ஒரே குழாயில் கீழிருந்து இரண்டாம் மாடி வரை ஒட்டிக்கொண்டே போகின்றன. உறையால் பிரிக்கப்பட்டு அருகருகே ஓடும் இரண்டு செம்புக் கம்பிகள் ஒரு சிறிய கெப்பாசிட்டரேதான், அதாவது மின்தேக்கி. ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அதன் மதிப்பு மிக மிகச் சிறிதுதான் என்றாலும், இருபது மீட்டர் நீளத்தில் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் அதன் வழியே மில்லியாம்பியரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கசிந்து வரப் போதும். குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எல்இடிக்கு மங்கலாக ஒளிர அதுவே போதுமானது. கீழ் விளக்கிலும் இரண்டாம் மாடி விளக்கிலும் ஜோடிகள் குட்டையாக இருந்ததால் அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கு வழி, விளக்கின் லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு சிறிய பாதை அமைத்துக் கொடுப்பது. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக ஒரே பொட்டலத்துக்குள் அடைக்கப்பட்டு விற்கப்படுகின்றன. நேரடியாக மின்வழியில் போடத் தகுதியான எக்ஸ்2 வகை, 275 வோல்ட் மாறுமின்னழுத்தம் என்று குறிப்பிட்டதையே வாங்க வேண்டும். சாதாரண எலெக்ட்ரானிக் கெப்பாசிட்டரை அங்கே போடுவது தீயை வரவேற்பதற்குச் சமம். அண்ணன் அதை விளக்கின் உடலுக்குள், கனெக்டருக்குப் பக்கத்தில் இணைத்தார். அன்று இரவு நானும் தம்பி மகளும் நடையில் விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்று பார்த்தோம். துளி வெளிச்சமும் இல்லை.

பொத்தான்களின் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று தகடுகளிலும் இடப்பக்கப் பொத்தான் கீழே உள்ள விளக்குக்கு, வலப்பக்கப் பொத்தான் மேலே உள்ள விளக்குக்கு என்று ஒரே முறையாக வைத்தோம். நடுத்தகட்டில் மட்டும் நடுப்பொத்தான் தான் நிற்கும் தளத்துக்கு. இருட்டில் தடவும் விரலுக்கு இந்த ஒழுங்கு மிகவும் உதவுகிறது. அம்மாவின் கை எட்டும் உயரத்தைச் சுவரில் அளந்து குறித்துவிட்டுத்தான் பெட்டிகளைப் பொருத்தினேன். அவர் முதல் இரண்டு நாட்கள் வரிசையை மாற்றி அழுத்தினார், மூன்றாம் நாள் அதிகாலையில் அறையிலிருந்து வெளியே வந்து வலப்பொத்தானை அழுத்தி மேலே ஏறி, மேலே போனதும் முதல் மாடி விளக்கு அணைந்திருப்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாமி அறைக்குள் போனதை நான் பார்த்தேன்.

பழைய மாடிச் சுற்றில் முன்பு கடன் கொடுத்துக்கொண்டிருந்த நியூட்ரல் முடிச்சை அண்ணன் பிரித்து, மிச்சமிருந்த வயரைக் கூரையிலிருந்து முழுவதுமாக உருவி எடுத்துவிட்டார். உயிரில்லாத வயர்தானே, கிடக்கட்டும் என்று விட்டால், பிற்காலத்தில் யாராவது அதற்கு மறுபடியும் உயிர் கொடுப்பார்கள் என்பது அவர் அனுபவம். மொத்தச் செலவு, அண்ணனின் கூலியும் மூன்று எல்இடி விளக்குகளும் உட்பட, எழுநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்றுக் குறைவு. கடைக்கு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையின் விளக்கு இன்னும் பழைய கீழ்த்தளச் சுற்றில்தான் இருக்கிறது. அதன் நியூட்ரலை அண்ணன் அதே முறையில் சோதித்தபோது அது தன் சுற்றுக்கே திரும்புவது உறுதியானதால் அதை அப்படியே விட்டோம். வேலையின் இறுதி வரைபடத்தை, வயர்களின் நிறமும் நாடா எண்களும் முதல் மாடி விளக்கில் கெப்பாசிட்டர் இருக்கும் இடமும் தேதியும் குறித்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு டிபி பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதன் மேலே சிவப்பு மையில், இன்சுலேஷன் சோதனைக்கு முன் மூன்று விளக்குகளையும் கெப்பாசிட்டரையும் கழற்ற வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.